நாற்பத்தாறும் இரண்டு பூஜ்யங்களும்

ஓடைக்கரைக் காட்டில் செம்பாயி என்ற முள்ளம்பன்றி தன் வளைக்கு முன்னால் பூசணி போட்டிருந்தாள். காட்டில் தோட்டம் போட்ட முள்ளம்பன்றி அவள் ஒருத்திதான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. கோடை வந்தால் காட்டில் கிழங்கு கிடைக்காது. மனிதர்களின் வயலுக்குத்தான் போக வேண்டும். அந்த வயலைச் சுற்றி மின்கம்பி கட்டியிருந்தார்கள். போன சித்திரையில் அந்தக் கம்பியில் சிக்கித்தான் அவள் புருஷன் செத்துப்போனான். இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். முப்பது காய் காய்த்தால் வளையில் அடுக்கிவைத்து, மழை வரும்வரை மூவரும் தின்னலாம் என்று நினைத்திருந்தாள்.

கொடி நாலு இலை விட்ட சமயத்தில் பெருச்சாளி மாசிலாமணி வந்து சேர்ந்தான். காட்டோரத்தில் இருந்த உரக் கொட்டகைக்கு அடியில்தான் அவன் குடித்தனம். மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்ததால் அவனுக்கு எண்கள் படிக்கத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மண்ணுக்கும் பசிக்கும் என்றான் அவன். ஒவ்வொரு உர மூட்டையிலும் மூன்று எண்கள் போட்டிருக்குமாம். அவன் கொட்டகையில் இரண்டு வகை மூட்டை இருந்தன. ஒன்றில் பதினேழு, பதினேழு, பதினேழு. இன்னொன்றில் நாற்பத்தாறு, பூஜ்யம், பூஜ்யம்.

"எது நல்லது?" என்று கேட்டாள் செம்பாயி.

"இதைக்கூடக் கேட்கணுமா அக்கா? பதினேழு பெருசா, நாற்பத்தாறு பெருசா?"

"அப்ப அந்த ரெண்டு பூஜ்யம் எதுக்கு?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தான். "கலப்படமே இல்லைன்னு அர்த்தம்," என்றான்.

செம்பாயிக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் எண் படித்தவனிடம் எதிர்த்து என்ன பேசுவது? தலையாட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து அவன் கொட்டாங்கச்சியில் அந்த நாற்பத்தாறு மூட்டையின் வெள்ளைக் குருணையை இழுத்துவந்து கொடிகளின் அடியில் கொட்டினான். வளை வாசலில் நின்ற ஒரு கொடிக்கு மட்டும் செம்பாயி போடவிடவில்லை. குட்டிகள் அங்கே புரண்டு விளையாடும், நக்கித் தொலைக்கும் என்ற பயம் அவளுக்கு.

கொடிகள் படர்ந்தன பாருங்கள், அப்படிப் படர்ந்தன! இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், கரும்பச்சை நிறம். சிரித்தவர்களே வந்து வாயைப் பிளந்து நின்றார்கள். மாசிலாமணி தோட்டத்தின் நடுவே நின்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னான். செம்பாயிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று அவளே கேட்டு வாங்கிப் போட்டாள்.

மார்கழி வந்தது. பூவைக் காணோம். தையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து, பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. இலைகளை விலக்கி விலக்கித் தேடி அவளுக்கு மூக்கு தேய்ந்ததுதான் மிச்சம். குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கம்பி நினைவுக்கு வந்தது.

ஒருநாள் குட்டிகள் வளை வாசலில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தால் பூசணிக்காய்! பெரிய கொடிகளிலேயே கண்ணாக இருந்ததில் அவள் கவனிக்காமல் விட்ட, குருணை போடாத அந்தக் கொடியில் இன்னும் மூன்று காய் இருந்தன. இலை சின்னது, கொடியும் குட்டைதான். செம்பாயி அதன் அடியைக் கிளறினாள். முள்ளம்பன்றிகளுக்கு எலும்பு கடிக்கும் பழக்கம் உண்டு. பல வருஷமாகக் கடித்துப்போட்ட துண்டுகள் அங்கேதான் மட்கிக் கிடந்தன. எப்போதோ எரிந்து விழுந்த இலந்தை மரத்தின் சாம்பலும், குட்டிகளின் புழுக்கையும் அதோடு கலந்திருந்தன.

அவள் நேரே மாசிலாமணியிடம் போனாள்.

"மூணு எண் போட்டிருக்குன்னியே தம்பி, அது மூணும் எதுக்கு?"

அவன் காதைச் சொறிந்தான். "மூட்டையில ஒரு படம் ஒட்டியிருந்துச்சு அக்கா. முதல் எண்ணுக்கு நேரா இலை. ரெண்டாவதுக்கு வேரும் பூவும். மூணாவதுக்குக் காய்."

"அப்ப அந்த ரெண்டு பூஜ்யமும் பூவுக்கும் காய்க்குமா? அதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"ஒட்டின பசை ருசியா இருந்துச்சு. படத்தைத் தின்னுட்டேன். அப்புறம் மறந்துபோச்சு."

செம்பாயி மேற்கொண்டு திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டது அவள்தானே. மற்றக் கொடிகளுக்கும் எலும்பையும் சாம்பலையும் அள்ளிப் போட்டுப் பார்த்தாள். எலும்பு மட்க மாதக்கணக்காகும். அதுவரை கொடிக்கு ஆயுள் இல்லை.

கோடை வந்தது. நான்கு காய்களையும் துண்டு துண்டாகக் கடித்துக் குட்டிகளுக்கு மட்டும் கொடுத்தாள். தான் மரப்பட்டையைக் கொறித்தாள். எலும்பும் தோலுமாக இளைத்துப்போனாள். கம்பிப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

முதல் மழை பெய்த அன்று குட்டிகள் இரண்டும் உயிரோடு வெளியே ஓடின. தாயால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. நடக்க மூன்று நாள் ஆனது. நடக்க முடிந்ததும் முதல் வேலையாகப் பாத்தி மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

மாசிலாமணி தயங்கித் தயங்கி வந்து, இந்த வருஷம் எந்த மூட்டையிலிருந்து கொண்டுவரட்டும் என்று கேட்டான்.

"மண்ணுல எது குறையுதுன்னு முதல்ல பார்க்கிறேன்," என்றாள் செம்பாயி. "அப்புறம் சொல்லி அனுப்புறேன்."

எது எவ்வளவு தேவை என்று அறியாமல் ஒன்றை மட்டும் அள்ளிக் கொடுத்தால், கொடுத்ததும் வீண், வாங்கியதும் வீண்.