ஆவுடை கேட்ட ஒரு நிமிஷம்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் காது இருந்ததே, அந்தக் காலத்தில், வரிசையாக மூன்று மலைகள் இருந்தன. நம்பாதவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்கினீர்களா? அப்படியே வைத்திருங்கள், இறக்கிவிட ஆள் வரும்போது பார்ப்போம்.

அந்த மூன்று மலைகளில் ஏறலாம், இறங்கலாம். உட்கார மட்டும் கூடாது. உட்கார்ந்தவர் அங்கேயே கல்லாய்க் கிடப்பார். ஏதோ மந்திரவாதியின் சாபம். அதனால் அந்த வழி போகிறவர்கள், "உட்காராதே, இறக்காதே, நட" என்று பாடிக்கொண்டே பொழுது சாய்வதற்குள் மூன்றையும் கடப்பார்கள்.

உப்பு விற்கும் கொம்பையாவும் அவன் மனைவி ஆவுடையும் ஒருநாள் விடியலில் ஏறினார்கள். ஆவுடைக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம், தாய்வீடு மலைகளுக்கு அந்தப் பக்கம். வெறுங்கையோடு போவானேன் என்று கொம்பையா தலையில் ஒரு உப்பு மூட்டையும் ஏற்றிக்கொண்டான்.

முதல் மலையின் உச்சியில் ஆவுடை நின்றாள்.

"ஒரு நிமிஷம், உங்க தோளப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டுமா?"

"நின்னா கழுத்து ஒடிஞ்சிடும் புள்ள. மூட்டைய இறக்கினா திரும்ப ஏத்திவிட யாரு இருக்கா? இன்னும் கொஞ்ச தூரம்தான், வா."

பத்தடி போனான். பின்னால் கொலுசுச் சத்தம் இல்லை. மூட்டையை வீசிவிட்டுத் திரும்பி ஓடினான். பாதையோரம் நீளமாக ஒரு கல் கிடந்தது. கொலுசு மட்டும் கல்லாகவில்லை.

அவன் அழுத அழுகையில் பொந்துக்குள் தூங்கிய உடும்பு வெளியே வந்தது.

"உப்புக்காரரே, ஏற்கெனவே உப்பு கொட்டிக் கிடக்கு. நீர் வேற கண்ணால கொட்டணுமா? கேளும். பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கல்லத் தலையில சுமந்து மூணாவது மலையத் தாண்டினா அவ பொண்டாட்டியா எந்திரிப்பா. நடுவுல எங்க இறக்கினாலும் அவ கல்லுதான், என்னைக்கும்."

"தூக்கிவிட யாருமில்லையே."

"வால் இருக்கு" என்றது உடும்பு. அது வாலால் நெம்ப, அவன் கல்லைத் தலைக்கு ஏற்றினான்.

உட்காராதே, இறக்காதே, நட.

முதல் மலையின் சரிவில் ஒரு சுனை, "வாய் நனைச்சுட்டுப் போ" என்றது. அவன் நனைக்கவில்லை. இரண்டாவது மலையில் நிழல் தரும் புங்கமரம், "முதுகைச் சாச்சுட்டுப் போ" என்றது. சாயவில்லை. கழுத்து நரம்பு முறுக்கேறி, கால் கொப்புளம் உடைந்து, மூன்றாவது மலையும் ஏறினான். இறங்க நூறடிதான் பாக்கி. வெயில் மஞ்சளாகிவிட்டது.

அங்கே ஒரு கிழவர், தலையில் விறகுக்கட்டோடு ஆடியாடி நின்றார்.

"தம்பி, ஒரு கை இறக்கிவிடு."

"கையில்லைய்யா. கல்லப் பிடிச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், நட…"

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். காலையில் சொன்ன அதே சொல். கிழவரின் முழங்கால் நடுங்கிற்று. ஆவுடையின் கால் எப்படி நடுங்கியதென்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே.

"ஆவுடை, பொறுத்துக்க" என்றான். மேட்டோரம் சாய்ந்து, நோகாமல் கல்லை இறக்கினான். பிறகு கிழவரின் கட்டை இறக்கி வைத்தான்.

கிழவர் நிமிர்ந்தார். கழுத்து நாலுமுறை நெட்டி முறிந்தது. இடியென்று நினைத்துக் கீழே ஊரில் காயப்போட்ட துணியை எடுத்தார்கள்.

"முந்நூறு வருஷமாச்சு, தம்பி. கேட்டவனெல்லாம் கடந்து போனான். எனக்கில்லாத இளைப்பாறல் யாருக்கும் வேண்டாமென்று சாபம் விட்டவன் நான்தான். இப்போது அது தீர்ந்தது."

மூன்று மலையிலும் கற்கள் மனிதர்களாக எழுந்தன. ஒருத்தர் எழுந்ததும் மடியில் வெற்றிலை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். ஆவுடை மட்டும் எழவில்லை.

"இறக்கி வைத்ததை எழுப்ப என்னால் ஆகாது" என்றார் கிழவர், தலை குனிந்து. "அவள் சுமந்ததை இறக்கலாம்."

கல்லின் மேல் கை வைத்தார். கல்லுக்கும் தலைக்கும் நடுவே கொம்பையா சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணிக்குள் ஒரு பெண்குழந்தை வீரிட்டது.

எழுந்தவர்கள் இரண்டு கல்லை நட்டு, ஆவுடையைக் குறுக்கே படுக்கவைத்தார்கள், தலையுயரத்துக்கு. சுமையோடு வருகிறவன் யார் கையையும் கேட்காமல் தானே அதில் சுமையைத் தள்ளிவைக்கலாம், தானே ஏற்றிக்கொள்ளலாம்.

கொம்பையா கொலுசை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளையோடு அந்தக் கல்லின் நிழலில் உட்கார்ந்தான். கல்லாகவில்லை.

"ஒரு நிமிஷம் கேட்டியே, ஆவுடை" என்றான். "இருக்கேன். நீ சொல்றப்போ கிளம்பலாம்."

கதையை இறக்கி வைத்துவிட்டேன். கை தூக்கியவர்களே, நீங்களும் இறக்கிக்கொள்ளுங்கள்.