படம் எடுக்காத கேமரா

“அப்போ நாங்க எதுக்கு மேடம் இதைச் செஞ்சோம்?” என்று கேட்டாள் நிலோஃபர்.

பேராசிரியர் எஸ்தர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

கல்லூரி ஆய்வகத்தில் நிலோஃபரும் நண்பர்களும் செய்த கேமரா அது. உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னக் கருவி. இப்போது ஒரு விண்கலத்தின் வயிற்றுக்குள் இருந்தபடி நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. கலம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது வெளியே குதிக்க வேண்டும். விழுந்துகொண்டே, கலம் இறங்குவதைப் படம் பிடிக்க வேண்டும்.

அந்தப் படத்துக்காகத்தான் கிடைத்த வேலைக்கும் போகாமல் கல்லூரியிலேயே தங்கிவிட்டாள் நிலோஃபர்.

சற்று முன்புதான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சேதி வந்தது. கலத்தின் உயரம் அளக்கும் கருவி செயலிழந்துவிட்டது. மாற்றுக் கருவியை இயக்கக் கணினியின் முழுச் சக்தியும் வேண்டும். கேமராவை நிறுத்தினால்தான் முடியும்.

கேமரா மாணவர்களுடையது. குழுத் தலைவி நிலோஃபர் சம்மதிக்க வேண்டும்.

“ஒரே ஒரு தடவைதானே மேடம் இறங்கும்? அவங்க வேற வழி பார்க்கக் கூடாதா?”

எஸ்தர் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டார்.

கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவர் ஒரே கணக்கை வாய்விட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். குரல் நடுங்கியது.

“காலேஜ் பிள்ளைங்க பதில் சொன்னாங்களா?” என்றார் இன்னொருவர்.

“இன்னும் இல்ல சார். திரும்பக் கேட்கவா?”

“வேண்டாம். அவசரப்படுத்தாதீங்க. அவங்க உழைப்பு அது.”

பிறகு மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

நிலோஃபர் மைக்கை வாயருகே இழுத்தாள்.

“நிறுத்திடுங்க சார்.”

கலம் இறங்கத் தொடங்கியது. மேஜைமேல் கேமராவுக்கான திரை கறுப்பாகவே கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். நடுங்கிய அந்தக் குரல் உயரத்தைச் சொல்லச் சொல்ல, அவள் உதடும் கூடவே முணுமுணுத்தது.

குரல் சட்டென்று நின்றது.

அவள் முணுமுணுப்பும் நின்றது.

“இறங்கிடுச்சு,” என்றது அதே குரல். “நேரா நிக்குது.”

நிலோஃபர் மேஜைமேல் கவிழ்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதர் இனி நிம்மதியாகச் சாப்பிடுவார், தூங்குவார் என்று நினைத்துக்கொண்டாள்.

எஸ்தர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

“படம் போச்சே, நிலோ.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எந்தப் படம், மேடம்?”