ராகுகாலத்தை முந்தின மண்டபம்

ஆடி மாசத்துக் கல்யாண மண்டபம் மாதிரி சோம்பேறியான இடம் வேற எங்கயும் கிடையாது. நாகப்பட்டினத்துக்குத் தெக்கே, கடல் சத்தம் காதுல விழற தூரத்துல இருக்கற சௌந்தரவல்லி மண்டபமும் அன்னிக்கு அப்படித்தான் கிடந்துச்சு. நாற்காலியெல்லாம் ஒண்ணு மடியில ஒண்ணு உக்காந்து தூங்குது. பந்தி ஹால்ல மூணே பேரு. மண்டபத்துக்குச் சொந்தக்காரி வல்லியம்மா, அங்க வழக்கமா சமைக்கற பக்கிரிசாமி, அப்புறம் ஏசி மெக்கானிக் கலியமூர்த்தி.

வல்லியம்மாவுக்கு ஒரு பயம் விடவே இல்ல. போன கார்த்திகைப் புயல்ல மொட்டை மாடியில யாரோ ஒரு வெளியூர் மெக்கானிக் நிறுத்தியிருந்த ஏசி மிஷின், பாத்தா ஒரு மினி வேன் அளவு இருக்கும், அது அப்படியே கிளம்பிப் போயி சமையல்கட்டுக்குப் பின்னால விழுந்துச்சு. நல்ல வேளை, அங்க ஆளு இல்ல. பக்கிரிசாமியோட சாம்பார் அண்டாதான் அப்பளமா நசுங்கிச்சு. இப்பப் புது மிஷின் வாங்கி வாசல்ல இறக்கியாச்சு. ஐப்பசி பொறந்தா கல்யாணமும் வரும், புயலும் வரும். இந்த மிஷினை மாடியில நிறுத்தற வேலையை யார்கிட்டக் கொடுக்கறதுன்னு இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். ஆளு தப்பாப் போச்சுன்னா, அடுத்த தடவை அண்டா இருந்த இடத்துல மனுஷன் இருப்பான். அதை நெனச்சாலே அவங்களுக்குச் சோறு இறங்கல.

அந்த வட்டாரத்துல இந்த வேலைக்குக் கலியமூர்த்தியை விட்டா ஆளும் கிடையாது. வேலை தெரிஞ்ச மனுஷன்தான். ஆனா வாயைத் திறந்தா எது நிஜம், எது சரடுன்னு பெத்த தாயால கூடப் பிரிக்க முடியாது. வல்லியம்மாவுக்கு அதுதான் கவலை.

"ஏம்ப்பா கலியமூர்த்தி, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. புயல் அடிச்சாலும் பூமி ஆடினாலும் மிஷின் மாடியை விட்டு இறங்கக் கூடாது. உன்னால முடியுமா?"

கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழ வச்சாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. பக்கிரிசாமி "போச்சுடா"ன்னு முனகினாரு.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? காரைக்கால் பக்கம் ஒரு லாட்ஜுக்கு மிஷின் நிறுத்தினேன். அடிச்சுது பாருங்க ஒரு காத்து! தென்னைமரம் எல்லாம் சாஷ்டாங்கமா விழுந்து கும்பிடுது. என் மிஷின் ஒரு நூல் நகரணுமே? அட, அதை விடுங்க, மிஷின் மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. அந்தக் காக்கா கூட நகரலம்மா!"

"காக்கா ஏன்யா நகரல?" பக்கிரிசாமி விடல.

"அவசரத்துல அதோட காலுக்கும் சேத்து போல்ட்டு போட்டுட்டேண்ணே."

வல்லியம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டாங்க. சிரிச்சா இந்த மனுஷனை நிறுத்த முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

"காத்து கிடக்கட்டும். பூமி ஆடினா?"

"அதுக்குன்னு தனியா டெஸ்ட்டு வச்சிருக்கேம்மா. மிஷினை நிறுத்தின உடனே நாப்பது தவில்காரங்களை மாடிக்கு ஏத்திருவேன். 'அடிங்கய்யா கெட்டிமேளம்'னு ஒரு சத்தம் கொடுப்பேன். போன வருஷம் திருவாரூர்ல அப்படி அடிச்சப்ப, பக்கத்து ஊருல அலமாரிப் பாத்திரம் எல்லாம் கீழ வந்துருச்சு. நான் என்ன பண்ணேன், மிஷின் தலையில ஒரு டம்ளர் நிறையத் தண்ணி வச்சேன். ஒரு சொட்டு சிந்தல."

"தவில்காரங்க என்ன ஆனாங்க?"

"அவங்க கீழ போயிட்டாங்கண்ணே."

"படி இறங்கியா?"

"படி எதுக்கு? அடிச்ச அடியில மாடித் தளமே அவங்களோட இறங்கிருச்சு. அடிக்கறதை நிறுத்தாமலே கீழ் மாடிக்குப் போயிட்டாங்க, பாவம், நல்ல கலைஞருங்க. மிஷின் மட்டும் நான் நிறுத்தின உயரத்துல அப்படியே நிக்குது. அடியில ஒண்ணுமே இல்ல!"

"இவன்கிட்டப் போயி வேலையைக் கொடுக்கறீங்களாம்மா? போன தடவை அண்டா. இந்தத் தடவை நானா?" பக்கிரிசாமிக்கு நிஜமாவே கோவம் வந்துருச்சு.

கோவத்தைப் பாத்தா கலியமூர்த்திக்கு உற்சாகம் கூடும். நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டாரு.

"அண்ணே, இதாவது டெஸ்ட்டு. நிஜ பூகம்பமே வந்த கதை சொல்றேன், கேளுங்க. ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலை. போல்ட்டு கொஞ்சம் நீளமா வாங்கிட்டேன். திருகறேன், திருகறேன், உள்ள போய்க்கிட்டே இருக்கு. மாடியைத் தாண்டி, தரையைத் தாண்டி, எங்கயோ போயி நங்குன்னு ஒரு பாறையில பிடிச்சுது. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன். மறுநாளு பூமி ஆடுது. மிஷின் ஆடல. மிஷின் ஆடாததால ஆஸ்பத்திரி ஆடல. ஆஸ்பத்திரி ஆடாததால தெரு ஆடல. பூகம்பம் கொஞ்ச நேரம் நின்னு முழிச்சுது. அப்புறம், 'நமக்கு எதுக்கு வம்பு'ன்னு வந்த வழியே திரும்பிப் போயிருச்சு."

"பூகம்பம் முழிச்சதை நீ பாத்தியா?"

"பக்கத்துல நின்னேங்கறேண்ணே! என்னைப் பாத்து ஒரு மாதிரியா சிரிச்சுது கூட."

வல்லியம்மா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே சொன்னாங்க. "கலியமூர்த்தி, கதை நல்லாருக்கு. ஆனா எனக்கு மண்டபம் இருக்கு. நிறைய ஜனம் உள்ள உக்காந்திருக்கும். அப்பப் புயல் வந்தா என்ன ஆகும்? அதைச் சொல்லு."

"கேட்டீங்களே, இது கேள்வி! ஒரு மண்டபம்மா. ஊரு பேரு கேக்காதீங்க, இப்ப அது அங்க இல்ல. உள்ள கல்யாணம். மாப்பிள்ளை இன்னும் தலை சீவி முடிக்கல. ஐயர் கத்தறாரு, நல்ல நேரம் போகுது, போகுதுன்னு. அது முடிஞ்சா ராகுகாலம். பொண்ணோட அப்பா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அப்பத்தான் புயல் கரையேறுது. மண்டபத்தை அடியோட பிடுங்கி, அப்படியே தூக்கி, மேக்கால கொண்டு போகுது!"

"ஐயோ!" வல்லியம்மா அவங்களை அறியாம சொல்லிட்டாங்க.

"ஐயோவே இல்லம்மா. சூரியன் எந்தப் பக்கம் போகும்? மேக்கால. மண்டபம் எந்தப் பக்கம் போகுது? அதுவும் மேக்கால. ரெண்டும் ஒரே வேகம். ஜன்னல்ல சூரியன் அதே கம்பிக்கு நேரா நிக்குது, நகரவே இல்ல. நல்ல நேரம் முடியவே மாட்டேங்குது! பின்னாலேயே ராகுகாலம் மூச்சு வாங்க ஓடி வருது, பிடிக்க முடியல. தஞ்சாவூர் மேல போறப்ப மாப்பிள்ளை நிதானமா பவுடர் போடறாரு. திருச்சிக்கு மேல தாலி கட்டியாச்சு. கரூர் மேல முதல் பந்தி. பாலக்காடு வரைக்கும் ரசம் பரிமாறினாங்க. அவ்வளவு நேரமும் ஹால்ல என்னமா ஜில்லுன்னு இருந்துச்சு தெரியுமா? ஒரு பெரியவரு போர்வை கேட்டாரு."

"நிறுத்துய்யா!" பக்கிரிசாமி எழுந்தே நின்னுட்டாரு. "பறந்துச்சுன்னு நீயே ஒத்துக்கிட்டே. புயல்ல உன் மிஷின் பறந்துச்சு!"

"மிஷின் எங்கண்ணே பறந்துச்சு? மண்டபம்தானே பறந்துச்சு? மண்டபத்தை விட்டு மிஷின் ஒரு நூல் பிரியல. மிஷினை மண்டபத்தோட கட்டறது என் வேலை. மண்டபத்தைப் பூமியோட கட்டறது கொத்தனார் வேலை. அவரு வேலையை நான் எப்படிண்ணே செய்ய முடியும்?"

வல்லியம்மா வாய்விட்டுச் சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சப்பறம் பாத்தா அந்தப் பயம் அப்படியேதான் இருந்துச்சு. இவரு மிஷினை நிறுத்துவாரா மாட்டாரான்னு இன்னும் தெரியல.

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பேச்சை மாத்தினாங்க. "அது சரி, உன் பொண்ணு செங்கமலத்துக்கு நிச்சயம் ஆச்சாமே? கல்யாணம் என்னிக்கு?"

கலியமூர்த்தி பதில் சொல்றதுக்குள்ள பக்கிரிசாமி முந்திக்கிட்டாரு. "ஐப்பசியிலம்மா. சமையல் நான்தான். கும்பகோணத்துல மண்டபம் பேசியிருக்கான்."

"கும்பகோணமா? பொண்ணு வீட்டு ஊருலதானே கல்யாணம் வைப்பாங்க? இங்க வைக்காம அங்க எதுக்கு?"

"அது வந்தும்மா... மாப்பிள்ளை வீட்டுக்கு வசதியா இருக்கும்னு..."

"மாப்பிள்ளை வீடு வேளாங்கண்ணியில இல்ல இருக்கு?" பக்கிரிசாமி எடுத்துக் கொடுத்தாரு. "இங்கேருந்து கூப்பிட்டா கேக்கும்."

கலியமூர்த்தி துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சாரு. "இல்லம்மா, ஐப்பசியில இந்தக் கடலோரத்துல காத்து கொஞ்சம் ஜாஸ்தியா..."

சொல்லும்போதே அவரு காதுலயே அது விழுந்துருச்சு.

வல்லியம்மா வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க. மெதுவா மென்னாங்க. அப்புறம் ரொம்ப சாதாரணமாச் சொன்னாங்க.

"வேலை உனக்குத்தான் கலியமூர்த்தி. புது மிஷினை மாட்டினதும் முதல் கல்யாணம் செங்கமலத்தோடது. இதே மண்டபத்துல. மண்டபம் என் பொறுப்பு, வாடகை வேண்டாம். மணமேடையை மட்டும் மிஷினுக்கு நேர் கீழ போடுவேன். சம்மதம்னா மாடிச் சாவியை எடுத்துக்க."

சாவி மேஜை மேல இருந்துச்சு. கலியமூர்த்தி அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. கடைசியில சாவியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனாரு. மேல டொக்கு டொக்குன்னு சுத்தியல் சத்தம் கேட்டுச்சு. இறங்கி வந்தப்ப முழங்கை வரைக்கும் சுண்ணாம்பும் செங்கல் தூளும்.

"அம்மா." குரல் கூட வேற மாதிரி இருந்துச்சு. "பழைய மிஷினை நிறுத்தினவன் போல்ட்டைத் தட்டோட்டுல போட்டிருக்காம்மா. அது வெயிலுக்கும் மழைக்கும் மாடி மேல பதிச்ச ஓடு. தட்டோடு, அடியில செங்கல் ஜல்லி, அவ்வளவுதான். காத்து தூக்கினா தோசை மாதிரி பேந்து வந்துரும். போன தடவை வந்தது அதுதான். நாம அதையெல்லாம் பேத்துட்டு கான்கிரீட்டுக்குப் போகணும். அதுலயும் சும்மா தளத்துல வேண்டாம், உத்தரத்துக்கு நேரா மேல இரும்புச் சட்டம் போட்டு நிறுத்தணும். மிஷின் கால்ல ஸ்பிரிங் இருக்கு. பூமி ஆடினா அது குதிக்கும், அதனால சுத்தித் தடுப்பு வைக்கணும். நாலு மூலையிலயும் கம்பி இழுத்துக் கட்டணும். எத்தனை போல்ட்டு, எவ்வளவு ஆழம்னு நான் குத்துமதிப்பா சொல்ல மாட்டேன். ஒரு இன்ஜினியரை வரவழைச்சுக் கணக்குப் போடச் சொல்லுங்கம்மா."

வல்லியம்மாவுக்கு அப்பத்தான் பயம் விட்டுச்சு. "அப்படியே செய்யி"ன்னாங்க.

பக்கிரிசாமிக்கு மட்டும் மனசு ஆறல. "ஏன்யா, பூகம்பமே உன்னைப் பாத்துத் திரும்பிப் போச்சுன்னியே? இப்ப எதுக்கு இன்ஜினியரு?"

கலியமூர்த்தி கையில இருந்த செங்கல் தூளைத் தட்டினாரு.

"பூகம்பம் திரும்பிப் போயிரும்ணே. என் சம்பந்தி போவாரா?"