வெறும் தரை ஆகாது

ஆத்தூரிலிருந்து சேலம் போகிற ரோட்டில், ஜவ்வரிசிக் கிடங்குக்கு எதிரே இருக்கிற டீக்கடை என்னுடையது. பாய்லர் பக்கத்தில் நின்றால் கிடங்கு வாசல் நேராகத் தெரியும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று என்னிடம் மல்லுக்கு வராதீர்கள். நெய் வடிந்ததை நான் என் கண்ணால் பார்த்தவன்.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர். மூத்தவர் பச்சியப்பன், அடுத்தவன் சடையன், கடைசி மாதையன். தங்கமான மனுசர்கள். சூது தெரியாது, வாது தெரியாது, இன்னும் சிலதும் தெரியாது. ஆண்டவன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை கொடுத்திருந்தான். யாரிடம் போய்க் கேட்டாலும் அது மற்றவனிடம் இருக்கும்.

பச்சியப்பனுக்கு ஒரு காலத்தில் கழுத்து இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். மூட்டை சுமந்து சுமந்து தலை தோளிலேயே உட்கார்ந்துவிட்டது. ராத்திரியெல்லாம் வலி. தைலம் தேய்த்துத் தேய்த்து, அவர் கடைக்குள் வருவதற்கு முன்னால் தைல வாசனை வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடும். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போது முதலாளி குழந்தைவேலு ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டி வாங்கி வந்து நிறுத்தினார். மஞ்சள் பெயின்ட். முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு. மூட்டை அடுக்கிய மரப்பலகைக்கு அடியில் கொம்பைக் கொடுத்தால் பலகையோடு அலாக்காகத் தூக்கிவிடும். அந்தப் பலகைக்குப் பேலட் என்று பேர். ஊரே கொம்பைப் பார்த்தது. பச்சியப்பன் கறுப்பு ரெக்ஸின் போட்ட சீட்டை மட்டும் பார்த்தார். உட்கார்ந்துகொண்டே மூட்டை தூக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். தூக்கலாம் என்றேன். உட்கார்ந்ததற்கு யாரும் திட்டமாட்டார்களா என்று கேட்டார். அன்றைக்கு அவர் டீக்கு நான் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை இன்சூரன்ஸ் ஆபீசர் டேனியல் ஜெயசிங் வந்தார். நாகர்கோவில்காரர், கறாரான ஆள். பச்சியப்பனுக்கு டிராக்டர் ஓட்டிப் பழக்கம் என்பதால் வண்டி சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஆபீசர் விதியெல்லாம் சொன்னார். பெல்ட் போடணும். சுமையைத் தரையை ஒட்டித் தாழ்வாகக் கொண்டுபோகணும். திருப்பத்தில் ஹாரன் அடிக்கணும். டிரைவரைத் தவிர வேறு எவனும் ஏறக்கூடாது. மனுசன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அப்புறம் போன மழையில் மூட்டை ஊறிப்போனதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கிடங்கில் எந்தப் பொருளும் வெறும் தரையில் இருக்கவே கூடாது, பேலட் மேல்தான் இருக்கணும் என்று அழுத்திச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து சோதிப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதலாளி சேலத்துக்குப் புறப்படும் முன்னால் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஆபீசர் சொன்னதுல ஒண்ணு பிசகுச்சுன்னாலும் காண்ட்ராக்ட்காரன்கிட்ட சொல்லி வேற டிரைவரைச் சீட்டுல உக்கார வெச்சுருவேன். நீங்க பழையபடி கழுத்துல சுமக்க வேண்டியதுதான்."

பச்சியப்பன் கை தன்னால் பிடரிக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியைக் கிளப்பின கையோடு நிறுத்திவிட்டார்கள். சடையனுக்குச் சந்தேகம்.

"மனுசன் நடக்கிற வேகம்னாரே, எந்த மனுசன்? முதலாளி நடந்தா ஒரு வேகம். முதலாளி வர்றதைப் பாத்துட்டு நாம நடந்தா வேற வேகம்."

பெரிய யோசனைக்குப் பிறகு மாதையனை நடக்கிற மனுசனாக நியமித்தார்கள். மாதையன் முன்னால் நடப்பான், வண்டி பின்னால் வரும். அவன் நின்று லுங்கியை இறுக்கிக் கட்டினால் வண்டியும் நிற்கும். அவன் காலில் முள் குத்தி நொண்டினான். அன்று மத்தியானம் வரைக்கும் வண்டியும் விட்டு விட்டு நொண்டித்தான் போனது.

பொழுது சாயும் நேரத்தில் மாதையனுக்கு டீ ஞாபகம் வந்தது. நேராகக் கிடங்கைவிட்டு வெளியே வந்து ரோட்டைத் தாண்டி என் கடைக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கிறேன், பின்னாலேயே வண்டி. கொம்பில் ஜவ்வரிசி மூட்டை, இடுப்பில் பெல்ட். வாசல் திருப்பத்தில் முறையாக ஹாரன் வேறு. ராசிபுரம் பஸ்காரன் பிரேக் போட்டு நின்று, அவர்கள் வம்சத்தையே விசாரித்தான்.

இதென்ன கூத்து என்று கேட்டேன். பச்சியப்பன் என்னை அறியாப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"நடக்கிற மனுசன் இங்க வந்துட்டான். வண்டி மட்டும் அங்க என்ன பண்ணும்?"

நியாயம்தான். டீயை வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே குடித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. கடவுளே, இந்த ஆள் பாஸாகிவிடட்டும் என்று மாரியம்மனுக்கு நானே வேண்டிக்கொண்டேன்.

புதன்கிழமை, தரையில் இருக்கிறதையெல்லாம் பேலட்டில் ஏற்றினார்கள். முதலாளியின் மேஜை, நாற்காலி, தண்ணீர்க் குடம், எடைமெஷின், விளக்குமாறு எல்லாம் ஏறிவிட்டன. கிடங்கில் எலிக்காக வளர்க்கும் பூனையையும் ஒரு பேலட்டில் வைத்தார்கள். அது இறங்க இறங்கச் சடையன் ஏற்றினான். அன்று முழுக்க அவனுக்கு அதுதான் வேலை, கையெல்லாம் நகக்கீறல்.

எல்லாம் ஏற்றி முடித்து மூன்று பேரும் திருப்தியாக நின்றார்கள். அப்போதுதான் மாதையன் வாயைத் திறந்தான். மாதையன் வாயைத் திறந்தால் அன்றைக்குக் கிடங்கில் விளங்கினாற்போலத்தான்.

"அண்ணே, பேலட்டும் பொருள்தானே? அது வெறும் தரையில இருக்குதே."

பச்சியப்பன் குனிந்து பார்த்தார். ஆமாம், இருந்தது.

உடனே பேலட்டுக்கு அடியில் ஒரு பேலட் கொடுத்தார்கள். இப்போது அடியில் இருந்தது வெறும் தரையில் இருந்தது. அதற்கும் ஒன்று கொடுத்தார்கள். வியாழக்கிழமை பொழுது அடைவதற்குள் முதலாளியின் நாற்காலி கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கைவசம் இருந்த பேலட்டெல்லாம் தீர்ந்தது. அப்படியும் ஒவ்வொரு அடுக்கிலும் அடியில் ஒரு பேலட் தரையில்தான் கிடந்தது.

"எத்தனை கொடுத்தாலும் கடைசிப்பய தரையிலதான் கிடக்கிறான்" என்று சடையன் தலையில் கை வைத்தான்.

பச்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. விடிந்தால் வெள்ளி. சீட்டு கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று மற்ற இரண்டு பேரோடும் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. அட, கிடங்குக்குள்ளே இருக்கிற தரைக்குத்தானய்யா இத்தனை வம்பு என்று சலித்துக்கொண்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகம் ஏன் அப்படிப் பிரகாசமானது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்தபோதுதான் விளங்கியது. மூட்டை, மேஜை, நாற்காலி, குடம், அத்தனையும் பேலட்டோடு வெளியே முற்றத்தில் வரிசையாக நின்றது. கிடங்கு துடைத்து வைத்த மாதிரி காலி. உள்ளே வெறும் தரையில் ஒரு துரும்பு இல்லை. பூனை மட்டும் அங்கேயும் இங்கேயும் போய் வந்துகொண்டிருந்தது. ஆபீசர் கிடங்கு என்றுதான் சொன்னார், முற்றம் என்று சொல்லவில்லை என்று பச்சியப்பன் எனக்கு விளக்கினார்.

மானத்தில் கருமேகம் திரண்டு நின்றது.

முதலாளியும் ஆபீசரும் காரில் வந்து இறங்கவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. முதலாளி முற்றத்தைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கார் மேலேயே சாய்ந்துவிட்டார். ஜவ்வரிசி நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும்தான் பாக்கி.

ஆபீசர்தான் முதலில் சுதாரித்தார். தார்ப்பாயை இழுத்து மூடச் சொல்லி, தானும் ஒரு நுனியைப் பிடித்தார். பிறகு ஒவ்வொரு பேலட்டாக உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பச்சியப்பன் நகரவில்லை. உள்ளே வைத்தால் பேலட் தரையில் படுமே என்றார். ஆபீசர் மழைத் தண்ணீரைக் கண்ணிலிருந்து வழித்துவிட்டுக்கொண்டு, மூட்டைதான் படக்கூடாது, பேலட் படலாம் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். இதை முன்னாடியே சொல்லியிருந்தால் பூனையாவது நிம்மதியாக இருந்திருக்கும் என்று சடையன் கோபித்துக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. முன்னால் மாதையன் நடந்தான். மழை வலுத்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, ஓடுடா, ஓடித் தொலைடா என்று கத்தினார். மாதையன் நின்று பணிவாகத் திரும்பினான்.

"ஓடுனா நான் நடக்கிற மனுசன் இல்லீங்களே முதலாளி."

பின்னால் வண்டியும் நின்றது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒரு மூட்டையைக் கழுத்தில் ஏற்றி ஓடினார். சேறு வழுக்கி, கிடங்கு வாசலிலேயே பொத்தென்று விழுந்தார். நல்லவேளை, அடி ஒன்றும் படவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு, திருப்பத்தில் ஹாரன் அடித்து, சுமை தாழ்வாக, பெல்ட் இறுக்கமாக, பச்சியப்பன் ஒவ்வொரு லோடாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். திட்டினாலும் வேகம் கூடவில்லை. கெஞ்சினாலும் கூடவில்லை. ஒரு மூட்டை சரியவில்லை.

மழை விட்டது. கடைசி லோடு வண்டியில் இருந்தது. ஆபீசர் பச்சியப்பனைக் காட்டி முதலாளியிடம் சொன்னார்.

"முதலாளி தொண்டை கிழிய ஏசியும் வேகத்தைக் கூட்டாத டிரைவரை என் சர்வீஸ்ல இப்பதான் பாக்கேன். இந்தச் சேத்துல அவசரப்பட்டிருந்தா வண்டி கவிழ்ந்து ஆள் போயிருப்பாரு. இவர்தான் உங்க டிரைவர். வேற ஆள் தேடாதீங்க."

பச்சியப்பன் அழுதுவிட்டார். பெரிய மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன், மழைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியே இருக்கமாட்டேன். வாசல் பக்கம் தரையில் தண்ணீர் ஏறியிருந்தது. முதலாளி போகிற போக்கில், தரை காயற வரைக்கும் அந்தக் கடைசி லோடை இறக்காதே, தூக்கியே வை என்றார். ஆபீசரும் போகிற போக்கில், சுமை மேலே இருக்கிற வரைக்கும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கப்படாது என்றார். இரண்டு பேரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

சாயங்காலமாயிற்று. தரை காயவில்லை. பச்சியப்பன் சம்சாரம் மாராயி, நல்ல சேதி கேட்டுக் கறிக்குழம்பு வைத்துவிட்டு ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். லோடை இறக்கக்கூடாது, சீட்டை விட்டும் இறங்கக்கூடாது. மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். கடைசியில் சடையன் எழுந்து பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் ஒரு ஸ்பேனர் வாங்கி வந்தான்.

சீட்டைக் கழற்றினார்கள், பச்சியப்பனோடு சேர்த்து. ஆபீசர் சீட்டை விட்டுத்தான் இறங்கக்கூடாது என்றார், வண்டியை விட்டு என்று சொல்லவில்லையாம். சடையன் ஒரு பக்கமும் மாதையன் ஒரு பக்கமும் கழுத்துக் கொடுத்துத் தூக்கினார்கள். பச்சியப்பன் பெல்ட் போட்டபடி மேலே கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் விட்டால் நான் மனுசனா?

வீட்டு வாசலில் மாராயி இடுப்பில் கை வைத்து நின்றாள். கீழே வையுங்கப்பா, சோறு ஆறுது என்றாள். இறக்கலாம் என்று சடையன் குனிந்தான். மாதையன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தடுத்தான்.

"அண்ணி, தரை ஈரமா இருக்குதே."

"இப்பத்தான் கழுவி விட்டேன், அதுக்கென்ன?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சுமை மேலே இருக்கும்போது விட்டுவிட்டுப் போகவும் முடியாதாம். மாராயி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய், குண்டானில் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்து, முக்காலி மேல் ஏறிப் புருஷனுக்கு ஒரு வாயும், இறங்கிக் கீழே இருக்கிற இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாயுமாக ஊட்ட ஆரம்பித்தாள்.

பச்சியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து பார்த்து, "கழுத்து வலிக்குதாடா?" என்று கேட்டார்.

"வலிக்குதுண்ணே" என்றான் சடையன்.

"அந்த வலி எனக்குத் தெரியும்டா. முதலாளிகிட்ட சொல்லி உங்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு வாங்கித் தர்றேன்."

மாதையன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். நன்றாக யோசித்தான்.

"அப்ப எங்களை யாருண்ணே தூக்குவா?"

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என் கழுத்தைப் பார்த்தார்கள்.