சில்லைகள் வராத சிரட்டை

"சாமி, என் பக்கத்து வீட்டுக்காரன் ஞானமுத்து குருவி பிடிக்கான்."

உட்காரும் முன்பே சொல்லிவிட்டார் ஆவுடையப்பன். கழுத்தில் கேமரா தொங்கியது. சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் ஆவுடையப்பன்தான் சீடர்.

"என்ன குருவி?"

"சில்லை. நெஞ்சுல புள்ளி புள்ளியா இருக்குமே, அது. கொல்லையில தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டுத் தினை போடுதேன். கூட்டமா வரும். படம் எடுப்பேன். இப்போ ஒண்ணுகூட வரல."

"வராட்டா, அவன் பிடிக்கான்னு அர்த்தமா?"

"வலை வச்சிருக்கான்."

"பாத்தீரா?"

"கொடியில காயப் போட்டிருந்தான்."

"கொசுவலையா?"



"கூண்டும் இருக்கு சாமி."

"உள்ள என்ன இருந்தது?"

"கோழி. அது சும்மா கண்துடைப்பு."

சாமி விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

"என்னைப் பாத்துச் சிரிக்க வேற செய்யுதான். முந்தியெல்லாம் சிரிக்க மாட்டான்."

"பிள்ளைங்க இருக்கா அவனுக்கு?"

"ரெண்டு. அதுகளும் கூட்டுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வனத்துறைக்குப் போன் போட்டாச்சு. சாயங்காலம் வாராங்க. ஞானமுத்தைக் கையோட கூட்டிட்டுப் போயிருவாங்க."

"கடைசியா எடுத்த படத்தைக் காட்டும்."

சிரட்டையின் விளிம்பில் ஒரே ஒரு சில்லை. அதன் பின்னால் எதுவுமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும்.

"பின்னால சுத்தமா இருக்கே."

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது.

"முந்தி அங்க ஒரே புதரு சாமி. மருதாணியும் சங்குப்பூக் கொடியும் பின்னிக் கிடந்தது. படத்துல குருவியைவிட அதுதான் தெரியும். வேரோட வெட்டித் தள்ளிட்டேன். இப்போ பாருங்க, குருவி எப்படித் தனியா நிக்குன்னு."

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு கையில் முக்காலியும் மறு கையில் தயிர்சாதத் தட்டுமாக வந்தார்.

"வாரும்வே."

மடத்துக்கு வெளியே அறுத்துப் போட்ட வயல். அதன் நட்டநடுவில் முக்காலியை வைத்தார்.

"இரும். சாப்பிடும்."

"இங்கயா?"

"பசிக்கலையா?"

பசித்தது. உட்கார்ந்தார். தட்டை மோந்து பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"மோர்மிளகாய்."

ஒரு வாய் அள்ளினார். பின்னால் சரசரவென்றது. திரும்பினார். வைக்கோல்தான்.

மறுபடி அள்ளினார். மறுபடி திரும்பினார். தூரத்து வரப்பில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. தட்டைத்தான் பார்த்தது.

"அது எப்போ வந்தது?"

சாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார்.

"சாமி, முக்காலியை அந்தச் சுவரோரமாப் போட்டுக்கிடட்டுமா?"

"இங்க என்ன குறை?"

"முதுகுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது."

சொன்ன வாய் மூடவில்லை. அள்ளிய கை பாதியில் நின்றது. "அந்தப் புதரு..." என்றார்.

தட்டை முக்காலிமேல் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். நடை ஓட்டமாயிற்று.

"கையைக் கழுவிட்டுப் போமய்யா!"

"நேரமில்ல சாமி! வனத்துறை வாரதுக்குள்ள நான் ஞானமுத்து வீட்டு வாசல்ல நிக்கணும்!"