எதிர் நாற்காலி

இருதயமேரி டீச்சரிடம் பழைய வான்படங்களைப் படிக்கக் கற்றவர்களில் பூமிநாதன்தான் மூத்தவன். போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் நிழலைப் பார்த்தே, அங்கே பதுங்குகுழி இருந்ததா, பீரங்கி இருந்ததா என்று சொல்லிவிடுவான். நிலோஃபர் வந்து சேரும்வரை அவனுக்குத் தூக்கமும் நன்றாகவே வந்தது.

அவள் வந்ததிலிருந்து டீச்சர் எந்தப் படத்தை எடுத்தாலும், "நிலோ, இது என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். பூமிநாதனுக்கு வயிறு எரிந்தது. அவள் 'அண்ணே' என்று கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் எரிந்தது. பச்சைப் பொறாமைதான். அதற்கு அவன் 'டீச்சர்மேல் அக்கறை' என்று பெயர் வைத்திருந்தான்.

கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்றில் கள ஆய்வு வந்தது. தலைமை தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். டீச்சர் அந்த இடத்தின் படத்தை மேசை நடுவில் வைத்து, ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"குழி. பீரங்கி நிறுத்தின குழி," என்றாள் நிலோஃபர்.

எதிர் நாற்காலியில் இருந்த பூமிநாதன் சிரித்துவிட்டான்.

"மேடும்மா அது. கண்ணு தெரியலையா?"

"அண்ணே, இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்."

"எனக்கு இங்க இருந்தே நல்லாத் தெரியுது."

மறுநாள் நேரில் போய்ப் பார்த்தார்கள். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த குழி. அவளுக்கு முன்னால் போய்விட வேண்டுமென்று விறுவிறுவென நடந்த பூமிநாதன்தான் அதில் சறுக்கி விழுந்தான். தலைமை நிலோஃபருக்குப் போயிற்று.

சாயங்காலம் முள் கீறிய கையோடு டீச்சர் முன்னால் வந்து நின்றான்.

"எனக்குச் சொல்லாத ஏதோ ஒண்ண அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்."

டீச்சர் அதே படத்தை அவன் முன்னால் வைத்தார். மேடு தெரிந்தது. படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். மேடு உள்வாங்கிக் குழியாயிற்று.

"நிழல் நம்ம பக்கமா விழுற மாதிரி வச்சுப் பாக்கணும். இல்லன்னா குழி மேடாத் தெரியும். வந்த அன்னைக்கே இத அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"



"நான்தான்."

டீச்சர் படத்தை உறையில் போட்டார். அவன் நகரவில்லை.

"அப்புறம் ஏன் டீச்சர் எனக்கே தெரியாமப் போச்சு?"

"நேத்து நீ படத்தையா பாத்துக்கிட்டு இருந்த?"