பன்னிரண்டாவது மண் உருண்டை

அன்று மடத்தின் ஆதரவு இல்லத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேர்: குருநாதர், சீடன் அரியநாதன், காரியஸ்தர் மருதப்பர், போக்கிடம் இல்லாமல் வந்து தங்கி நூல் நூற்கும் பெண்கள் பதினொருவர்.

இல்லம் எப்படி நடக்கிறது என்று அரியநாதன் மறுநாள் மடத்துச் சபையில் சொல்ல வேண்டும். காலையில் ஒவ்வொருத்தியாக அழைத்துக் கேட்டான். மருதப்பர் பக்கத்தில் நின்று, பூண் போட்ட பிரம்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். பதினொருவரும், "ஒரு குறையும் இல்லீங்க சாமி" என்றார்கள்.

குருநாதர் ஒரு கூடையைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு உருண்டை ஈரமண்.

"ஆளுக்கு ஒன்று எடுத்துச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். கண்ணை மூடினால் இந்த வீட்டில் எது தெரிகிறதோ, அதைச் செய்யுங்கள்" என்றார். பிறகு, "வாரும் மருதப்பரே, தோட்டத்தைக் காட்டும்" என்று அவரை அழைத்துப்போனார்.

சிறிது நேரம் கழித்துப் பலகையில் பொம்மைகள் சேர்ந்தன. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. ஒரு சின்னச் சுவர், அதன் அளவுக்கே ஒரு காது. அரியநாதன் எண்ணினான். பதினொன்றில் ஆறு, பூண் போட்ட பிரம்பு.

அவன் ஒவ்வொன்றையும் திருப்பி, அடியில் குச்சியால் கீறினான்.

"என்ன எழுதுறீங்க சாமி?" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான பொன்னாச்சி.

"உங்கள் பெயர்தான். மாறிப்போய்விடக் கூடாதே."

அவள் முகம் வெளிறியது. "ஐயோ, அழிச்சிடுங்க. நீங்க போயிடுவீங்க. நாங்க இங்கதானே கெடக்கணும்!"

தாழ்வாரத்தில் டொக், டொக் என்று பிரம்பு வந்தது.

மருதப்பருக்கு முன்னால் வந்த குருநாதர் பலகையைப் பார்த்தார். குடத்து நீரை அப்படியே கவிழ்த்து, பதினொன்றையும் ஒன்றாகப் பிசைந்தார்.

"பொம்மை செஞ்சாளுகளாமே, எனக்குக் காட்டக் கூடாதா?" என்று சிரித்தபடி நுழைந்தார் மருதப்பர்.

"வெறும் மண்தான், பாரும்" என்றார் குருநாதர்.

தெருவுக்கு வந்ததும் அரியநாதன் கேட்டான்: "ஐயா, சாட்சியெல்லாம் போயிற்றே?"

"நீ எண்ணவில்லையா?"

"எண்ணினேன். ஆனால் நாளை சபைக்கு அவரும் வருவார். பிரம்போடு."

குருநாதர் கூடைக்குள் கைவிட்டு, யாரும் தொடாத உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"எண்ணியவன் நீ. சாட்சியும் நீதான். இதில் உன் பெயரை எழுது."



கொண்டுபோனது பன்னிரண்டு. மீதி ஒன்று.